வியாழக்கிழமை பிறந்த சாவி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வெங்கிடராமனின் மிளகுக் கம்பெனியில், எந்தச் செய்தி வந்தாலும் அது முதலில் தெரிவது பிச்சுமணிக்கு. அடுத்தபடியாகக் கோடவுனுக்கு எதிரே இருக்கும் சாயாக்கடைக்கு. முதலாளிக்கு மூன்றாவதாகத்தான் தெரியும். யாரும் திட்டம் போட்டுச் செய்த ஏற்பாடில்லை. பிச்சுமணியின் வாய் அப்படிப்பட்ட வாய்.

கடிதம் எழுதுவதுதான் அவருக்கு உத்தியோகம். வெளிநாட்டுக்காரன் மிளகு கேட்டு எழுதுவதைப் படித்துச் சொல்லி, முதலாளி தமிழில் சொல்லும் பதிலை இங்கிலீஷில் போட்டு அனுப்ப வேண்டும். "அந்தப் படவா ஒரு மாசமா சாம்பிளுக்கு வாயைத் தொறக்கலை, என்னன்னு கேளும்" என்பார் முதலாளி. "தங்கள் மேலான கருத்தை அறிய ஆவலாயிருக்கிறோம்" என்று பிச்சுமணி போடுவார். அந்தப் பக்கத்திலிருந்து வரும் வசவையும் இதே மாதிரி கழுவித் துடைத்துத்தான் முதலாளியிடம் கொடுப்பார். இந்தக் கம்பெனிக்கும் வெளிநாட்டுக்கும் இவ்வளவு வருஷம் சண்டை வராமல் இருந்ததற்கு மிளகின் தரம் காரணம் என்று வெங்கிடராமன் நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

பாலக்காட்டிலிருந்து எப்போதோ வந்து மட்டாஞ்சேரியில் ஒட்டிக்கொண்ட குடும்பம் பிச்சுமணியுடையது. அப்பா கல்யாணங்களுக்குச் சமைக்கப் போனவர். பிள்ளையும் கரண்டி பிடிக்க வேண்டாமென்று டைப்ரைட்டிங் கிளாசுக்கு அனுப்பினார். அந்த டைப்ரைட்டிங்கை வைத்துத்தான் எழுபத்து நாலில் இந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு டெலெக்ஸ் வந்தது. டெலெக்ஸில் தப்புவிடக் கூடாதென்று ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டப் பழகினார். டெலெக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் போய்க் கம்ப்யூட்டரும் இமெயிலும் வந்தன. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. அவர் என்ன டைப் அடிக்கிறார் என்று தெரிந்துகொள்ள யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம், அடுத்த அறையில் இருந்தால் போதும்.

ஹாம்பர்க் நகரத்தில் இவர்களிடம் மிளகு வாங்குகிற பெரிய கம்பெனி ஒன்று இருந்தது. வெங்கிடராமனின் வியாபாரத்தில் முக்கால்வாசி அதுதான். அங்கே கொள்முதல் பார்க்கிறவருக்கு பிச்சுமணி வைத்த பேர் ஹாம்பர்க் துரை. இருபது வருஷத்துக்கு மேலாக இரண்டு பேரும் எழுதிக்கொள்கிறார்கள், முகம் பார்த்ததில்லை. துரைக்கு இடுப்புவலி என்பது பிச்சுமணிக்குத் தெரியும். பிச்சுமணியின் மகளுக்குப் பிரசவம் சிசேரியன் என்பது துரைக்குத் தெரியும். துரைக்குத் தெரிந்த அன்றே சாயாக்கடைக்கும் தெரியும்.

இரண்டாயிரத்து மூன்று பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை துரையிடமிருந்து கூரியரில் ஒரு சிடி வந்தது, கூடவே ஒரு தாள். நாம் பேசுகிற விலை போட்டிக்காரர்களுக்கு நமக்கு முன்னால் தெரிந்துவிடுகிறது, இமெயிலை யாரோ வழியில் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன், இனி பூட்டுப் போட்ட மெயில்தான், பூட்டில்லாமல் வியாபாரம் பேச முடியாது, புதன்கிழமைக்குள் உங்கள் சாவி எனக்கு வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தது.

"எவனோ நம்ம லெட்டரைப் படிக்கறானாம், அண்ணா" என்றார் பிச்சுமணி. அவருக்கு ரத்தம் கொதித்தது. நிஜமான கோபம். அந்தத் திருடன் மட்டும் கையில் கிடைத்தால் தோலை உரித்திருப்பார். பாவம், காலையிலும் மாலையிலும் கண்ணாடி கிளாஸில் சாயா குடித்துக்கொண்டு விலையை ஒப்பிக்கிற ஆளை அவர் கண்ணாடியில் மட்டும்தான் பார்க்க முடியும், அங்கே அவர் மீசையைத்தான் பார்ப்பார்.

சிடியோடு வந்த விளக்கத்தை மூன்று தடவை படித்து, பிச்சுமணி முதலாளிக்குப் புரியவைத்தார். இந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று ஊர்ச்சாவி, அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதனால் பூட்ட மட்டும்தான் முடியும். இன்னொன்று வீட்டுச்சாவி, அதனால்தான் திறக்க முடியும், அது இந்தக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகக் கூடாது.

"ஊருக்கெல்லாம் சாவியைக் குடுத்துட்டு அப்பறம் என்ன ஓய் ரகசியம்?" என்றார் வெங்கிடராமன்.

"அது பூட்டற சாவியாக்கும், அண்ணா."

"என்னவோ பண்ணும். ஆனா இன்னிக்கு வேண்டாம். இன்னிலேர்ந்து புதன் முழுக்க நேக்கு சந்திராஷ்டமம். புதுசா ஒண்ணும் தொடங்கப்படாது. வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு நன்னாருக்கு. அப்போ பண்ணும்."

"அவன் புதன்கிழமைக்குள்ளன்னு சொல்லியிருக்கானே."

"அவனுக்கா சந்திராஷ்டமம்? நேக்குன்னா." வெங்கிடராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேஷ்டியில் துடைத்தார். "முடியலைன்னா இப்பவே சொல்லிடும். விஸ்வநாத் வந்து பார்த்துக்கறேங்கறான். உமக்கும் வயசாயிடுத்து, ஆத்துல இருந்து விஸ்ரமிக்கலாமே."

விஸ்வநாத் முதலாளியின் தம்பி பிள்ளை. எர்ணாகுளத்தில் டை கட்டிக்கொண்டு உத்தியோகம் பார்க்கிறவன். பிச்சுமணி செய்கிற வேலையை ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த பெண் அரைநாளில் முடித்துவிட்டு மிச்ச அரைநாள் தூங்கலாம் என்று தீபாவளிக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனவன். அதைக் கேட்ட அன்று பிச்சுமணிக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்குச் சீட்டாட்டம் தெரியாது, ரேஷன் கடைச் சண்டை தவிர வெளியில் ஒரு வம்பும் கிடையாது. நாற்காலி போனால் யாருக்கு என்ன எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? மனைவி கனகாம்பாளுக்கா?

ஆக, புதனுக்குள் சாவி போகாவிட்டால் ஹாம்பர்க் கைவிட்டுப் போகும், வியாழனுக்கு முன்னால் சாவி செய்தால் முதலாளி தலையைச் சீவுவார். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிடும்போது பிச்சுமணிக்கு ஒரு யோசனை பிறந்தது. நாள் பார்ப்பது யாருக்கு? சாவிக்கு. சாவி பிறக்கப்போவது எங்கே? கம்ப்யூட்டருக்குள்ளே. அப்படியானால் கம்ப்யூட்டருக்குள்ளே என்ன கிழமை என்பதுதானே கணக்கு? பகவானே வந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

திரையின் கீழ்மூலையில் இருந்த கடிகாரத்தைத் திறந்து தேதியை வியாழக்கிழமைக்குத் தள்ளினார். மணியைப் பத்தே முக்கால் ஆக்கினார். மானிட்டரின் நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது, புதிதாக ஒரு பொட்டு வைத்தார். பிறகு சிடியைப் போட்டுச் சாவி செய்யச் சொன்னார். மௌஸை இஷ்டத்துக்கு ஆட்டு, அப்போதுதான் சாவி பலமாக வரும் என்றது கம்ப்யூட்டர். பிச்சுமணி மௌஸை வலமாக மூன்று சுற்று சுற்றினார், கற்பூரம் காட்டுகிற மாதிரி. அப்புறம் ரகசியச் சொல் கேட்டது. ஜி, யு, ஆர், யு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குருவாயூரப்பனையும் மகள் பிறந்த வருஷத்தையும் சேர்த்துத் தட்டினார். இன்னொரு தடவை தட்டு என்றது. தட்டினார். இரண்டும் ஒன்றாக இல்லை என்றது.

"சாமி, ரெண்டாவது வாட்டி நடுவுல ஒரு ஏ விட்டுப் போச்சு" என்றார் அடுத்த அறையிலிருந்து சுப்புராஜ். கம்பெனியில் அட்டெண்டர். மூட்டைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவேயில்லை.

ஏ போட்டதும் சாவி பிறந்தது. கடிகாரத்தைப் பழையபடி திங்கட்கிழமைக்குத் திருப்பிவிட்டு, ஊர்ச்சாவியை ஹாம்பர்க்குக்கு அனுப்பினார் பிச்சுமணி. வீட்டுக்குப் போய்க் கனகாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னார், ரகசியச் சொல் உள்பட.

"இதெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்றேள்?" என்றாள் அவள்.

"சும்மா ஒரு இதுக்குத்தான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் துரையின் மெயில் காத்திருந்தது. உங்கள் சாவி உபயோகத்துக்கு லாயக்கில்லை என்கிறது என் கம்ப்யூட்டர், மறுபடி அனுப்புங்கள். பிச்சுமணி மறுபடி அனுப்பினார். லாயக்கில்லை. ஃபோன் லைனில் இரைச்சல், அதில் ஏதாவது எழுத்து கழன்று விழுந்திருக்கும் என்று மோடம் வயரைப் பிடுங்கித் துடைத்துச் சொருகி இன்னொரு தடவை அனுப்பினார். லாயக்கில்லை. அதற்குள் வெங்கிடராமன் இரண்டு முறை வந்து நின்றார். "வியாழக்கிழமைக்கு எல்லாம் ரெடியோ?" என்றார். "ரெடி, அண்ணா" என்று சொல்லிவிட்டு, பிச்சுமணி வேர்த்த கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். செய்யக்கூடாத நாளில் செய்துவிட்ட சாவி, அதுவும் லாயக்கில்லாத சாவி. யாரிடம் சொல்லி அழ முடியும்? ஜன்மத்தில் முதல் தடவையாகச் சாயாக்கடையில் வாயைத் திறக்காமல் நின்றார். உடம்பு சரியில்லையா என்று கடைக்காரர் கேட்டார்.

மத்தியானம் பிஜுவைக் கூப்பிட்டனுப்பினார். இந்தக் கம்ப்யூட்டரைச் சுள்ளிக்கலில் தன் கடையில் பாகம் பாகமாக மாட்டிக் கொடுத்தவன் பிஜு, வீடு பள்ளுருத்தியில். அப்பா அம்மா இருவரும் முனிசிபாலிடியில் வேலை பார்த்தவர்கள். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இரண்டும் கலந்து வரும். எந்த வியாதிக்கும் அவனிடம் இரண்டே வைத்தியம். முதல் வைத்தியம், ரேமைக் கழற்றிப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்ப்பது. அதில் கேட்காவிட்டால் ஃபார்மேட்.

பிஜு ரேமைத் தேய்த்தான். ஊதினான். மாட்டினான். ஊர்ச்சாவி மறுபடி ஹாம்பர்க் போய், லாயக்கில்லாமல் திரும்பியது.

"எந்தாயாலும் ஃபார்மேட் அடிச்சா செரியாகும் சாமி."

"உன் மண்டையை ஃபார்மேட் அடிடா. வீட்டுச்சாவி உள்ள இருக்கு. அது போச்சுன்னா வர்ற லெட்டரை யார் தொறப்பா? உன் மாமனாரா?"

பிஜு கோபித்துக்கொள்ளவில்லை. சாவி இருந்த ஃபைலை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் சிரித்தான். "சாமி, இங்க நோக்கு. இன்னிக்கு செவ்வாய் அல்லே? இந்த ஃபைல் வியாழாழ்ச்சை உண்டாக்கினதுன்னு காட்டுது. அப்போ பேட்டரி போச்சு. போர்டுல ஒரு சின்ன பேட்டரி உண்டு சாமி, அது போச்சுன்னா டேட்டு தெற்றும், தப்பாக் காட்டும். நான் மாத்தித் தரேன்."

பிச்சுமணிக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. பேட்டரியாவது மண்ணாவது. துரையின் கம்ப்யூட்டர் சாவியின் ஜாதகத்தைப் பார்த்திருக்கிறது. இன்னும் பிறக்காத சாவியை வைத்துக்கொண்டு நான் எதைப் பூட்ட என்று கேட்டிருக்கிறது. ஜெர்மனிக்காரன் செய்த சாஃப்ட்வேர்கூட நாள் பார்க்கும் என்று பிச்சுமணி கண்டாரா? இங்கே முதலாளியை ஏமாற்றிய தேதி அங்கே போய் மாட்டிக்கொண்டது. ஆனாலும் பிஜுவிடம் ஒன்றும் சொல்லாமல், நல்லா இருந்த பேட்டரியை அவன் மாற்றும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொன்னால் அது பிஜுவின் வாய் வழியாக முதலாளியின் காதுக்குப் போகுமே. வாயாடிகளைப் பற்றிப் பிச்சுமணிக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

அவன் போனபிறகு யோசித்தார். இன்றைய தேதியில் புதுச் சாவி செய்யலாம். செய்தால் அதன் ஜாதகத்தில் செவ்வாய்க்கிழமை என்று அழியாமல் நிற்கும். வியாழக்கிழமை முதலாளி திரையைப் பார்த்துத் தேதி என்ன என்று கேட்டால், அவ்வளவுதான். அரைமணி நேரம் நகத்தைக் கடித்துவிட்டு, தன் உத்தியோக வாழ்க்கையிலேயே அதிகத் துணிச்சலான இங்கிலீஷை எழுதினார். 'எங்கள் சாவி, பின்தேதியிட்ட செக்கைப் போன்றது. இந்திய நேரப்படி வியாழக்கிழமை பத்தே முக்காலுக்குச் செல்லுபடியாகும். எங்கள் ஊர் வழக்கம் அப்படி. தயவுசெய்து பொறுத்தருளவும்.'

புதன்கிழமை பதில் வந்தது. 'புரிந்தது, பிச்சுமணி. வியாழக்கிழமை வரை காத்திருக்கிறேன். அவசரமில்லை.'

அவசரமில்லை. சாம்பிள் பார்சல் அரைநாள் பிந்தினால் மூன்று மெயில் அனுப்புகிற மனிதர் எழுதிய சொல் இது. பிச்சுமணி அந்த வரியை நாலு தடவை படித்தார். எல்லாம் அவர் எழுதிய இங்கிலீஷ் செய்த வேலை என்று முடிவுகட்டினார். துரைக்குத் தன்மேல் எவ்வளவு மரியாதை என்று கனகாம்பாளிடம் சொல்லி, இரண்டாவது தடவை சாம்பார் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டருக்கு முல்லைப்பூ. கீபோர்டில் தண்ணீர் தெறிக்காமல் தேங்காயை வாசலில் வைத்து உடைத்தார்கள். வெங்கிடராமன் குளித்து நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றார். திரையில் சாவியின் தேதியைப் பிச்சுமணி தொட்டுக் காட்டினார். வியாழக்கிழமை, பத்தே முக்கால். பொய்யே இல்லை, அங்கே அப்படித்தான் எழுதியிருந்தது. முதலாளி சந்தன விரலால் எண்டர் பட்டனை அழுத்தினார், ஊர்ச்சாவி இன்னொரு தடவை ஹாம்பர்க்குக்குப் புறப்பட்டது.

பகல் ஒன்றரை மணிக்குத் துரையின் மெயில் வந்தது. வரிக்கு வரி புரியாத எழுத்துக் குப்பை. அதாவது பூட்டியிருக்கிறது, அதாவது சாவி வேலை செய்கிறது. பிச்சுமணி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"தொறக்காதேயும்" என்றார் வெங்கிடராமன். "ராகுகாலம். மூணு மணிக்குத் தொறக்கலாம்."

அந்த ஒன்றரை மணி நேரம் கம்பெனியில் ஒரு வேலையும் நடக்கவில்லை. சுப்புராஜ் லட்டு வாங்கி வந்தார். பேட்டரிக் காசு வாங்க வந்த பிஜு, ரேமைத் தேய்த்ததால்தான் இது நடந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் விஸ்வநாத் எர்ணாகுளத்திலிருந்து ஃபோன் பண்ணினான். "நீ ஒண்ணும் வரவேண்டாம். பிச்சுமணியே பார்த்துண்டுட்டான், அவனாக்கும் இதுக்கெல்லாம் செரி" என்று முதலாளி சொன்னதைப் பிச்சுமணி தன் காதால் கேட்டார். நாற்காலி பிழைத்தது. அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, லட்டு தொண்டையில் அடைத்தது என்று சொல்லிச் சமாளித்தார்.

மூன்று மணி அடித்ததும் ரகசியச் சொல்லைத் தட்டினார். கூடவே சுப்புராஜும் பிஜுவும் முணுமுணுத்தார்கள், தப்பில்லாமல். பூட்டுத் திறந்தது.

'அன்புள்ள பிச்சுமணி, இந்தச் செய்தி உங்கள் பஜாருக்கு முன்னால் உங்களுக்கும் உங்கள் முதலாளிக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பூட்டைக் கேட்டேன். அடுத்த பருவத்திலிருந்து எங்கள் கம்பெனி மிளகை வியட்நாமில் வாங்கப்போகிறது. மேலிடத்து முடிவு, நான் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. நானும் ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறேன். இத்தனை வருஷம் நீங்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் நன்றி.'

"என்ன ஓய் எழுதியிருக்கான்? எவ்வளவு டன் கேக்கறான்?"

பிச்சுமணி சுப்புராஜையும் பிஜுவையும் பார்த்து, கொஞ்சம் வெளியே போகச் சொன்னார். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, அதனாலேயே உடனே போனார்கள். பிறகு கடிதத்தைத் தமிழில் சொன்னார். கழுவித் துடைக்க அதில் ஒன்றுமில்லை, எழுதினவரே பதமாகத்தான் எழுதியிருந்தார். கழுவவே முடியாத செய்தி அது.

வெங்கிடராமன் மேஜையிலிருந்த லட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வேற யாருக்காவது தெரியுமோ?"

"இல்லை, அண்ணா. நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

"பதில் போடும். லெட்டர் கெடச்சுது, அவர் உடம்பைப் பார்த்துக்கட்டும்னு போடும். இடுப்புவலின்னு சொல்லுவீரே."

பிச்சுமணி போட்டார். வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. சிடியிலேயே வந்திருந்த துரையின் ஊர்ச்சாவியால் பூட்டி அனுப்பினார். மூன்று நாள் வேர்த்து விறுவிறுத்துத் தான் பூட்டைப் பழக்கியதே இந்த ஒரு செய்தி உள்ளே வருவதற்குத்தானா என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. துரைமேல் கோபப்பட முடியவில்லை, வியட்நாம்காரனை அவர் கண்டதில்லை.

வெங்கிடராமன் எழுந்து செருப்பைத் தேடினார். வாசல் வரை போனவர் நின்றார்.

"நாளைக்கும் வாரும்."

"வந்து யாருக்கு எழுதறது, அண்ணா?"

"எழுதாட்டா என்ன? வாரும் ஓய். இத்தனை பெரிய கோடவுன்ல நான் ஒத்தையா உக்காந்துண்டு என்ன பண்ணுவேன்?"

கம்பெனி அதற்குப் பிறகு இரண்டு வருஷம் திறந்திருந்தது. பிச்சுமணி ஒரு நாளும் தவறாமல் போய் வந்தார்.